எந்த அறையில் உட்காருவது?



வரலாற்றுப் பேச்சு என்றதும் சோழனும் பாண்டியனும் நினைவுக்கு வருவார்கள். இன்று நாம் பேசப்போவது வேறொரு வரலாறு. இந்த நாட்டில் நம் மக்கள் எழுத்தாளர்களின் பேச்சைக் கேட்கப் போன வரலாறு அது. யார் பேசினார்கள், எங்கே பேசினார்கள், அந்தக் கூட்டங்களில் நாம் எங்கே உட்கார்ந்திருந்தோம் என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒரு காட்சியைச் சொல்லிவிடுகிறோம். கோலாலம்பூரின் தென்பகுதியில் சாலாக் செலாத்தான் என்னும் வட்டாரம் இருக்கிறது. ஒரு காலத்தில் அதைச் சுற்றி ஈயச் சுரங்கங்களும் ரப்பர்த் தோட்டங்களுமாக இருந்தன. பக்கத்திலுள்ள புக்கிட் ஜாலிலில் தோட்டம் இருந்த நிலத்தில்தான் 1998-ஆம் ஆண்டு காமன்வெல்த் விளையாட்டுகளுக்கான பெரிய அரங்கம் எழுந்தது. தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்கள் பல, இன்று இவ்வட்டாரத்து அடுக்குமாடிகளில் குடியிருக்கின்றன. அப்படிப்பட்ட ஒரு வீட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, கூடத்தில் பாய் விரித்து எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தோம். தலைநகரில் நடக்கவிருந்த ஓர் இலக்கிய விழாவின் நிகழ்ச்சி நிரல் நடுவில் கிடந்தது.

விழா இரண்டு நாள். நம்மால் போக முடிந்தது ஒரு நாள். ஒரே நேரத்தில் மூன்று இடங்களில் மூன்று பேச்சு. பெரிய மண்டபத்தில் தமிழ்நாட்டிலிருந்து வரும் புகழ்பெற்ற பேச்சாளர். இரண்டாவது அறையில் பழைய இலக்கணம் பற்றிய ஆய்வு. மூன்றாவது அறையில் உள்ளூர் எழுத்தாளர் ஒருவர், தம் நாவல் பிறந்த கதையைச் சொல்கிறார். வீட்டுப் பெரியவர் காகிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “எந்த அறையில போயி உட்கார்றது வாத்தியாரே?” என்று கேட்டார்.

சிறிய கேள்விதான். ஆனால் விடை சொல்ல நூறாண்டு வரலாற்றைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எழுதியவர் வாயாலேயே கேட்பது தமிழருக்குப் புதிய வழக்கம் அன்று. ஒரு புலவர் நூல் இயற்றினால் அதைக் கற்றோர் அவையில் படித்துக் காட்டி, பொருள் சொல்லி, எழுப்பப்படும் தடைகளுக்கு விடை கூறுவார். இதற்கு அரங்கேற்றம் என்று பெயர். அவை ஏற்றால்தான் நூல் நூலாகும். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கேட்பவர்களுக்கும் அங்கே வேலை இருந்தது. சும்மா உட்கார்ந்து கைதட்டிவிட்டு வருவது மட்டும் அவர்கள் வேலை அன்று. திருவள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரம் வைத்ததோடு நில்லாமல், கேள்விக்கும் தனியே ஓர் அதிகாரம் வைத்தார் அல்லவா? அங்கே ‘கேள்வி’ என்பது காதால் கேட்டு அறிவு பெறுவது. எழுத்தறியாதவர்களுக்கும் அறிவுக்கு ஒரு வாசல் உண்டு என்பது அதன் பொருள்.

இக்காலத்து இலக்கிய விழா மேல்நாட்டிலிருந்து வந்த ஏற்பாடு. இங்கிலாந்தில் செல்டன்ஹாம் என்னும் ஊரில் 1949-ஆம் ஆண்டு அத்தகைய விழா தொடங்கியது. இந்தியாவில் ஜெய்ப்பூர் விழா 2006-இல் தொடங்கிப் பெரிதாக வளர்ந்தது. நம் நாட்டில் பினாங்கு ஜார்ஜ் டவுனில் 2011 முதல் ஓர் இலக்கிய விழா நடந்து வருகிறது. எல்லாவற்றிலும் ஒரே சிக்கல்தான். ஒரே நேரத்தில் பல அறைகள்; நமக்கு இருப்பதோ ஓர் உடம்பு, இரண்டு காதுகள்.

இனி நம் கதைக்கு வருவோம். நம் பாட்டன் பூட்டன் காலத்தில் தோட்டத்துக்கு எழுத்தாளர் வந்து பேசுவது ஏது? பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடும்போது எழுந்து போனால், பால் எடுத்துத் திரும்ப மதியமாகிவிடும். படிக்கத் தெரிந்தவர் லயத்துக்கு ஒருவர் இருந்தாலே பெரிது. அந்த ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிப்பார். மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். 1924-ஆம் ஆண்டு கோலாலம்பூரில் ‘தமிழ் நேசன்’ தொடங்கியது. 2019-இல் நின்று போகும்வரை, ஏறக்குறைய 95 ஆண்டுகள் அது நம் வீடுகளுக்கு வந்தது. நம்மவர் முதன்முதலில் கேட்ட ‘எழுத்தாளர் உரை’ லயத்து வாசலில் ஒருவர் வாசித்த பத்திரிகைக் கதைதான் என்று சொன்னால் அது மிகையாகாது.

ஜப்பானியர் ஆட்சி முடிந்து நாடு மூச்சுவிட்ட பிறகு, 1950-ஆம் ஆண்டு அதே தமிழ் நேசனில் ஒரு புதுமை நடந்தது. சுப. நாராயணன், பைரோஜி நாராயணன் என்னும் இருவர் ‘கதை வகுப்பு’ என்று ஒன்றை நடத்தினார்கள். கதை எழுதுவது எப்படி என்று பத்திரிகை வழியாகவே பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். வாசிப்பவர் எழுதலாம், கேட்பவர் சொல்லலாம் என்ற துணிவு நம்மவருக்கு அப்போது வந்தது. பிற்காலத்தில் இந்நாட்டில் பேர் பெற்ற எழுத்தாளர் சிலர் அந்த வகுப்பில் தேறியவர்கள்.

அந்தப் பத்தாண்டிலேயே தமிழ்நாட்டின் இடைசெவல் கிராமத்தில் பிறந்த சிறுகதை ஆசிரியர் கு. அழகிரிசாமி, தமிழ் நேசனில் பணியாற்றக் கோலாலம்பூருக்கு வந்தார். சில ஆண்டுகள் இங்கே தங்கி, இளைஞர்களைக் கூட்டி வைத்து இலக்கிய வட்டம் நடத்தினார். மேடையும் இல்லை, மாலையும் இல்லை. ஒருவர் எழுதியதை எல்லாரும் பேசுவது, நல்லது எது, போலி எது என்று பிரித்துப் பார்ப்பது, அவ்வளவுதான். பெரிய கூட்டத்தால் செய்ய முடியாத காரியத்தைச் சின்ன அறை செய்யும் என்பதற்கு இது நல்ல சான்று. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நமக்குப் பயன்படும்.

1962-ஆம் ஆண்டு எழுத்தாளர்கள் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்துக்கொண்டார்கள். அதுவே இன்று மலேசியத் தமிழ் எழுத்தாளர் சங்கம். அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, உலகமே திரும்பிப் பார்த்த ஒரு கூட்டம் நம் தலைநகரில் கூடியது.

அதைக் கூட்டியவர் தவத்திரு தனிநாயகம் அடிகள். யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதியைச் சேர்ந்த கரம்பனில் 1913-இல் பிறந்தவர், கத்தோலிக்கக் குருவானவர், பல மொழி அறிந்தவர். மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்தியவியல் துறைக்கு 1961 முதல் தலைவராக இருந்தார். 1964-ஆம் ஆண்டு சனவரியில் தில்லியில் கீழ்த்திசை அறிஞர்கள் மாநாடு ஒன்று கூடியபோது, அங்கு வந்திருந்த தமிழறிஞர்களை ஒன்றுசேர்த்து உலகத் தமிழாராய்ச்சி மன்றம் பிறக்க வழி செய்தார். அம்மன்றத்தின் முதல் மாநாடு 1966-ஆம் ஆண்டு ஏப்ரல் 16 முதல் 23 வரை கோலாலம்பூரில் நடந்தது. பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் தொடக்கி வைத்தார். தமிழ்நாட்டு முதலமைச்சர் பக்தவத்சலம் வந்திருந்தார். பல நாட்டு அறிஞர்கள் தமிழைப் பற்றிப் பேச நம் ஊருக்கு வந்தார்கள்.

எண்ணிப் பாருங்கள். முதல் உலகத் தமிழ் மாநாடு சென்னையிலும் நடக்கவில்லை, மதுரையிலும் நடக்கவில்லை. பால் மரம் வெட்டியும் தண்டவாளம் போட்டும் தமிழர் வாழ்ந்த இந்த நாட்டில் நடந்தது. இது நமக்குக் கிடைத்த பெரும் பேறு.

ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். அம்மாநாட்டின் ஆராய்ச்சிக் கட்டுரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருந்தன. பின்னர் இரு தொகுதிகளாக வெளிவந்ததும் ஆங்கிலத்தில்தான். இதில் குறை காண்பதற்கில்லை. பிரெஞ்சுக்காரரும் செக்கு நாட்டவரும் தமிழ் பற்றி உலகுக்குச் சொல்ல அன்று அந்த மொழி வேண்டியிருந்தது. தமிழ் ஓர் உலகத் துறையாக நிமிர்ந்தது அந்த முயற்சியால்தான். ஆனால் ஒரு பால்வெட்டுத் தொழிலாளி அந்த அறையில் போய் உட்கார்ந்திருந்தால் அவருக்கு என்ன விளங்கியிருக்கும்? எல்லா அறையும் எல்லாருக்கும் ஏற்றதன்று. இது நாம் கற்க வேண்டிய முதல் பாடம். ஆராய்ச்சி அறையை மதிப்போம். அதில் நம் பிள்ளைகள் நாளைக்கு உட்கார வேண்டும் என்று ஆசைப்படுவோம். ஆனால் நமக்குக் கிடைத்த ஒரே நாளை மரியாதைக்காக மட்டும் அங்கே செலவழிக்க வேண்டியதில்லை.

அதன்பின் மாநாடு சென்னை, பாரிஸ், யாழ்ப்பாணம், மதுரை என்று சுற்றிவிட்டு, 1987-ஆம் ஆண்டு நவம்பரில் ஆறாவது மாநாடாக மறுபடியும் கோலாலம்பூருக்கு வந்தது. 2015-இல் ஒன்பதாவது மாநாடு மலாயாப் பல்கலைக்கழகத்தில் நடந்தது. 2023-ஆம் ஆண்டும் அதே பல்கலைக்கழகத்தில் ஒரு மாநாடு கூடியது. இத்தனை முறை உலகத் தமிழரை வரவேற்ற நகரம் இது.

இப்போது இன்னொரு கதையைச் சொல்ல வேண்டும். மேலோட்டமாகப் பார்த்தால் இலக்கியத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை என்று தோன்றும். பொறுமையாகக் கேளுங்கள்.

1957-இல் நாடு விடுதலை அடைந்த காலத்தில், வெள்ளைக்காரத் துரைமார்கள் பலர் தோட்டங்களை விற்றுவிட்டுப் போகத் தொடங்கினார்கள். வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக்கி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று நம் பெரியவர்கள் இன்றும் பெருமூச்சோடு சொல்வது இதைத்தான். தோட்டம் துண்டானால் வேலை போகும். வேலை போனால் லயத்து வீடும் போகும். வீடு போனால் கோயிலும் பள்ளிக்கூடமும் போகும். இதைத் தடுக்க, அன்று அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் ஒரு வழி கண்டார். துரைமார் விற்கும் தோட்டத்தைத் தொழிலாளரே வாங்கினால் என்ன? 1960-ஆம் ஆண்டு தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. தோட்டம் தோட்டமாகச் சென்று தொழிலாளரிடம் பங்குப் பணம் சேர்த்தார்கள். பத்து வெள்ளி பத்து வெள்ளியாக, கூலியில் மிச்சம் பிடித்து, நகையை அடகு வைத்து நம்மவர் கட்டினார்கள். கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டம் அச்சங்கம் வாங்கிய முதல் தோட்டம்.

அந்தக் கூட்டுறவுச் சங்கத்தின் கட்டடமே கோலாலம்பூர் ஜாலான் சுல்தான் சுலைமானில் உயர்ந்து நிற்கும் விஸ்மா துன் சம்பந்தன். அதற்குள் டான்ஸ்ரீ சோமா அரங்கம் இருக்கிறது. தலைநகரில் தமிழ் நூல் வெளியீடு என்றாலும், எழுத்தாளர் சங்கத்தின் நிகழ்ச்சி என்றாலும், தமிழ்நாட்டிலிருந்து வரும் எழுத்தாளரின் உரை என்றாலும், பெரும்பாலும் அந்த அரங்கில்தான் நடந்து வந்திருக்கிறது.

தொடர்பு விளங்குகிறதா நேயர்களே? உங்கள் பாட்டியின் பத்து வெள்ளி அந்தச் சுவரில் இருக்கிறது. இலக்கியக் கூட்டத்துக்குப் போகும்போது, “நமக்கெல்லாம் அங்கே என்ன வேலை? படித்தவர்கள் வரும் இடமாயிற்றே” என்று தயங்கிக் கடைசி வரிசை நாற்காலியைத் தேடுகிறோமே, அது தேவையில்லை. தோட்டத்துப் பணத்தில் எழுந்த மண்டபத்தில் தோட்டத்து மக்கள் முன்வரிசையிலேயே உட்காரலாம்.

எழுத்தாளர்களும் நம்மைத் தேடி வந்ததுண்டு. 1975-ஆம் ஆண்டு நாவலாசிரியர் அகிலன் தமிழ்நாட்டிலிருந்து மலேசியாவுக்கு வந்தார். ‘சித்திரப்பாவை’ நாவலுக்காக ஞானபீடப் பரிசு பெற்றவர் அவர். ரப்பர்த் தோட்டத் தொழிலாளர் வாழ்க்கையைப் பார்த்துப் போனதன் பயனாக ‘பால்மரக் காட்டினிலே’ என்னும் நாவலை எழுதினார். பேச வந்தவர் கேட்டுவிட்டும் போனார். நம் லயத்து வாசலில் யாரோ நாலு பேர் வாய் திறந்து தம் பாட்டைச் சொல்லியிருக்காவிட்டால் அந்த நாவல் எப்படிப் பிறந்திருக்கும்?

நம் நாட்டு எழுத்தாளர்களும் பின்தங்கிவிடவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது, 1942, 1943 ஆண்டுகளில், ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே காட்டை வெட்டி 400 கிலோமீட்டருக்கு மேல் ரயில் பாதை போட்டார்கள். அந்த வேலைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் கொண்டு செல்லப்பட்டார்கள். பசியாலும் மலேரியாவாலும் வாந்திபேதியாலும் மாண்டவர்கள் எண்ணற்றவர். பாடப்புத்தகம் அவர்களுக்கு ஒரு பத்திகூட ஒதுக்காத காலத்தில், ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ எழுதினார்; அ. ரெங்கசாமி ‘நினைவுச் சின்னம்’ எழுதினார். இரண்டும் நம் வீட்டுக் கதைகள்.

இந்த இடத்தில் எங்கள் குறை ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன்பு, தோட்டப் பள்ளி ஆசிரியர்கள் நாங்கள் நால்வர் சேர்ந்து ஒரு பேருந்து பிடித்து, தோட்டத்து மக்களை ஓர் இலக்கிய விழாவுக்கு அழைத்துப் போனோம். நிகழ்ச்சி நிரலை நாங்கள்தான் பார்த்தோம். பெரிய மண்டபத்தில் சிரிக்கச் சிரிக்கப் பேசும் ஒருவர் இருந்தார். தோட்டத்து மக்களுக்கு இதுதான் பிடிக்கும் என்று நாங்களே முடிவு செய்து, நாற்பது பேரையும் அங்கே உட்கார வைத்தோம். பேச்சு நன்றாகத்தான் இருந்தது. எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

திரும்பும் வழியில், கொஞ்ச நேரம் எங்களைப் பிரிந்து வேறோர் அறைக்குப் போயிருந்த மாணவன் ஒருவன் சொன்னான்: “சார், பக்கத்துச் சின்ன அறையிலே சயாம் ரயிலைப் பற்றிப் பேசினாங்க. பத்துப் பேருகூட இல்லை. உங்க வீட்டுல யாராச்சும் சயாமுக்குப் போனவங்க இருக்காங்களான்னு அவர் கேட்டாரு. ஒருத்தரும் கை தூக்கல.”

சன்னல் ஓரத்தில் ஒரு தாத்தா உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பத்து வயதாக இருந்தபோது அவருடைய அப்பாவை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அப்பா திரும்பி வரவேயில்லை. தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதை அது. எங்களுக்கும் தெரியும். தாத்தா எங்களைத் திட்டவில்லை. “நான் இருந்தேனே,” என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

அவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆயின. அவர் சொல்லியிருக்கக்கூடியதை எழுதி வைத்தவர் எவரும் இல்லை. அந்த உரையின் தலைப்பு எங்கள் கையிலிருந்த காகிதத்தில் தெளிவாக அச்சாகியிருந்தது. அவருக்கு எழுத்து தெரியாது, எங்களுக்குத் தெரியும். ஆனால் அதை அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. லயத்து வாசலில் பத்திரிகையை உரக்கப் படித்த பழைய மனிதர் அந்தத் தவறைச் செய்திருக்க மாட்டார்.

ஆகவே நேயர்களே, எந்த உரைக்குப் போவது என்று தீர்மானிக்க நாம் கண்ட வழிகளைச் சொல்கிறோம்.

முதலாவது, நிகழ்ச்சி நிரலை முழுவதும் உரக்கப் படியுங்கள். வீட்டில் உள்ள எல்லாரும் இருக்கும்போது படியுங்கள். பேச்சாளரின் பெயரை மட்டும் படித்தால் போதாது. தலைப்பைப் படித்து, அது எதைப் பற்றியது என்று இரண்டு சொல்லில் விளக்குங்கள். யாருடைய முகம் எந்தத் தலைப்பைக் கேட்டு நிமிர்கிறது என்று பாருங்கள். அதுவே பாதி விடை.

இரண்டாவது, பேர் பெற்றவரையே தேடி ஓடாதீர்கள். புகழ்பெற்றவரின் பேச்சைப் பிறகு வானொலியிலோ, கைத்தொலைபேசியிலோ கேட்கலாம். சின்ன அறையில் உள்ளூர் எழுத்தாளர் முன்னால் உட்கார்ந்து, “ஐயா, அந்தத் தோட்டம் எங்கள் தோட்டம்” என்று சொல்லும் வாய்ப்பு மறுபடி வராது. நாம் கேட்பதற்கு மட்டுமன்றிச் சொல்வதற்கும் ஏதேனும் வைத்திருக்கும் உரை எதுவோ, அதற்கே முதலிடம் கொடுங்கள்.

மூன்றாவது, ஒரு நாளில் இரண்டு அல்லது மூன்று உரைகள் போதும். நன்னூலில் பவணந்தி முனிவர் மாணவர்களை வகைப்படுத்தியிருப்பதை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நாங்கள் மனப்பாடம் செய்தோம். ஆடு இந்தச் செடியில் ஒரு வாய், அந்தச் செடியில் ஒரு வாய் என்று கடித்துவிட்டு ஓடும். அது கடைசி வகை. பசு நல்ல புல் கிடைத்த இடத்தில் வயிறு நிறைய மேய்ந்து, பிறகு ஓரிடத்தில் அமைதியாக அசைபோடும். அது முதல் வகை. ஓட்டைக் குடம் ஊற்றியதையெல்லாம் ஒழுக விடும். நெய் வடிகட்டும் அரிப்பு நெய்யைக் கீழே விட்டுக் கசடைப் பிடித்துக்கொள்ளும். நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஆட்டையும் மாட்டையும் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விழாவில் அறைக்கு அறை கால் மணி நேரம் எட்டிப் பார்ப்பவர் ஆடு. இரண்டு உரை கேட்டு, நடுவில் தேநீர் குடித்துக்கொண்டு அதைப் பேசிப் பார்ப்பவர் பசு. பேச்சாளர் சொன்ன நகைச்சுவையை மட்டும் வீட்டுக்குக் கொண்டு வருபவர் யார் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

நான்காவது, ஒரு சிறு குறிப்பேடு கொண்டு போங்கள். எழுத்தாளர் பெயர், நூலின் பெயர், தேதி, உங்களைத் தொட்ட ஒரு செய்தி, இந்த நான்கும் போதும். கேள்வி நேரத்தில் எழுந்து நில்லுங்கள். செந்தமிழில் கேட்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வீட்டில் பேசுவதுபோலவே கேளுங்கள். நல்ல எழுத்தாளர் அந்தத் தமிழுக்காகக் காது கொடுத்துக் காத்திருப்பார்.

ஐந்தாவது, முடிந்தால் ஒரு நூல் வாங்குங்கள். ஒரே நூல். அது நம் நாட்டு எழுத்தாளரின் நூலாக இருந்தால் சிறப்பு. இங்கே தமிழில் எழுதுகிறவர் பலர் கைப்பணம் போட்டுத்தான் நூல் அச்சிடுகிறார். ஒரு நாள் கூலியில் ஒரு பங்கு உங்களுக்குப் பெரிது என்பது நமக்குத் தெரியும். அதனால்தான் ஒன்று என்கிறோம். அந்த ஒன்று லயம் முழுவதும் கைமாறலாம்.

சரி, சாலாக் செலாத்தான் வீட்டில் என்ன நடந்தது?

இம்முறை காகிதத்தை நாங்கள் கையில் மடித்து வைத்துக்கொள்ளவில்லை. அந்த வீட்டுப் பெண்பிள்ளை, இடைநிலைப் பள்ளியில் படிப்பவள், முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை உரக்கப் படித்தாள். செம்பனைத் தோட்டத்தில் மருந்து தெளித்துக்கொண்டிருந்த அவள் அத்தை, பெண் எழுத்தாளர்கள் பற்றிய உரை வந்ததும், “அது என்னம்மா, மறுபடி படி,” என்றார். பெரியவர் உள்ளூர் எழுத்தாளரின் நாவல் கதைக்குக் காதைத் தீட்டினார். இளைஞன் ஒருவனுக்குப் பெரிய மண்டபத்துப் பேச்சாளர்தான் வேண்டும் என்று பிடிவாதம். யாருக்கும் அது தவறு என்று நாம் சொல்லவில்லை.

முடிவைப் பெரியவரே சொன்னார்: “மரம் வெட்டப் போனா எல்லாரும் ஒரே நிரையிலயா நிக்கிறோம்? ஆளுக்கொரு நிரை பிடிப்போம். மத்தியானம் ஒண்ணா உட்கார்ந்து சோறு திங்கிறப்ப, அவரவர் நிரையில என்ன பால் வந்ததுன்னு சொல்லட்டும்.”

நூறாண்டுக் காலம் நிரை பிடித்து வேலை செய்த இனம், இலக்கிய விழாவுக்கும் அந்த முறையையே கண்டுபிடித்துவிட்டது. எட்டுப் பேர் மூன்று அறைகளுக்குப் பிரிந்து போனால், ஒரு நாளில் ஒரு குடும்பம் மூன்று உரைகளையும் கேட்டுவிடுகிறது. போக முடியாமல் வீட்டில் இருக்கும் பாட்டிக்கு மாலையில் மூன்றும் வந்து சேர்கிறது. பழைய லயத்து வாசல் வாசிப்பு வேறு உருவத்தில் திரும்பி வருகிறது.

விழா நாளன்று காலையில் சாலாக் செலாத்தான் ரயில் நிலையத்தில் எட்டுப் பேரும் கூடினோம். சோற்றுப் பொட்டலம் ஒரு பையில். குறிப்பேடுகள் ஒரு பையில். பெரியவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் வந்து நின்றார். சட்டைப் பையில் எதையோ தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னவென்று கேட்டோம். அவருடைய அம்மா தோட்டத்தில் வேலை செய்த காலத்துப் பழைய அடையாளச் சீட்டு. எழுத்தாளரிடம் காட்ட வேண்டுமாம்.

நேயர்களே, அடுத்த முறை உங்கள் தோட்டத்துக்கு ஓர் இலக்கிய விழாவின் நிகழ்ச்சி நிரல் வந்தால், அதை மடித்து மேசை இழுப்பறையில் போட்டுவிடாதீர்கள். படிக்கத் தெரிந்தவர் படியுங்கள். மற்றவர்கள் சுற்றி உட்காருங்கள். உங்கள் வீட்டில் கை தூக்க வேண்டியவர் யார் என்று பாருங்கள். அவர் இருக்கும்போதே அவரை அந்த அறைக்கு அழைத்துப் போங்கள்.